நாய்க்கு இன்சுலினா என்று கேட்போருக்கு

நீண்ட பதிவு இது. ஆய்வுப் பணியில் இருப்போரும் மாணவ நண்பர்களும் இறுதிவரை வாசித்துவிட்டு மறுக்க வேண்டியதை மறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற வாரம் எங்கள் துறைக்கு வெளியே உள்ள தேநீர்க் கடையில் பேராசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “மனிதனுக்கே இன்சுலின் கிடைக்காத நாட்டில் நாய்க்கு இன்சுலினா?” சுற்றியிருந்தோர் சிரித்தனர். நான் மறுமொழி கூறவில்லை. அப்போது என் கையில் இருந்தது ஒரு மருந்துப் புட்டி. குளிர் குறையாமல் அதை அடுத்த அரைமணி நேரத்திற்குள் ஓரிடத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. அன்று கூறாத மறுமொழியை இங்கே எழுதுகிறேன்.

அந்த மருந்து எங்கள் விடுதியின் இரவுக் காவலர் வளர்க்கும் நாய்க்கு உரியது. அவரை நாங்கள் அனைவரும் சாச்சா என்றே அழைப்போம். தில்லியின் நகர்ப்புறச் சிற்றூர் ஒன்றில் ஒற்றை அறையில் மனைவியுடன் வசிக்கிறார். நாயின் பெயர் ராணி, வெள்ளை நிற இந்தியன் ஸ்பிட்ஸ், ஒன்பது வயது, எடை பத்துக் கிலோ. சென்ற ஆண்டு ஒரு சினைப்பருவம் முடிந்த சில வாரங்களில் ராணி மிகுதியாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. ஒருநாளும் வீட்டுக்குள் சிறுநீர் கழித்திராத நாய், இரவில் படுக்கையருகே கழித்துவிட்டு நாணி ஒதுங்கியது. முன்னினும் அதிகமாக உண்டது. ஆனால் விலா எலும்புகள் தெரியும் அளவுக்கு மெலிந்தது.

சாச்சாவுக்கும் நீரிழிவு உண்டு. ஆகையால் அறிகுறிகளைக் கண்டு நோயை அவரே சரியாக ஊகித்துவிட்டார். மருத்துவம் கற்ற எவரும் உடனில்லாத நிலையில் அவர் ஊகித்த அந்த நோய்ப்பெயர் முழுவதும் சரி. ஆனால் அதற்குப் பின் அவர் செய்தது தவறாயிற்று. தமக்கு எழுதித் தரப்பட்ட மெட்ஃபார்மின் மாத்திரையைப் பாதியாக உடைத்து ரொட்டிக்குள் வைத்து நான்கு மாதம் கொடுத்தார். தம் மருந்தைப் பகிர்ந்துகொண்டார் என்பதே உண்மை. அந்த நான்கு மாதத்தில் அவர் பலரிடம் ஆலோசனை கேட்டார். எங்கள் விடுதியில் உயிரியல் ஆய்வாளர் உண்டு. மருந்தியல் ஆய்வாளர் உண்டு. அவருக்குக் கிடைத்த விடைகள் மூன்று. “இனிப்புக் கொடுத்தீர்கள், அதன் பயன் இது.” “வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள்.” “பாகற்காய்ச் சாறு கொடுத்துப் பாருங்கள்.” நான் கூறியதும் இவற்றுள் ஒன்றுதான், எது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். நான்காம் மாத முடிவில் ராணியின் இரு கண்களும் பாலாடை படர்ந்தாற்போல் வெளுத்தன. சுவரில் மோதி நின்றது.

இம்மூன்று விடைகளும் ஏன் தவறு என்பதையே முதலில் கூற வேண்டும்.

முதல் விடை, இனிப்பு. நீரிழிவு என்றவுடன் நம் நாட்டின் படித்த மனம் ஒழுக்கக் கணக்கில் இறங்கிவிடுகிறது. யார் தின்றார், யார் கொடுத்தார், யார் நடக்காமல் சோம்பியிருந்தார் என்று குற்றவாளியைத் தேடுகிறது. மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவிலேயே இந்த நீதிமன்றம் அரைகுறையானது. நாயின் நீரிழிவில் அதற்கு அடிப்படையே இல்லை. நாய்களில் பெரும்பாலும் காணப்படுவது இன்சுலின் பற்றாக்குறை. கணையத்தின் பீட்டா உயிரணுக்கள் அழிந்தோ சோர்ந்தோ போகின்றன. மனிதரின் முதல் வகை நீரிழிவுக்கே அது நெருக்கமானது. உடற்பருமன் நாய்களில் இன்சுலினின் வினையை மந்தமாக்கும் என்பது மெய்; ஆனால் மனிதரிடமும் பூனைகளிடமும் நிகழ்வதுபோல் அது இரண்டாம் வகை நோயாக முதிர்வதாகக் காட்டப்படவில்லை. கொழுப்பு மிகுந்த உணவு கணைய அழற்சியைத் தூண்டலாம். அழற்சி பீட்டா உயிரணுக்களை அழிக்கலாம். ஆகவே விருந்து மிச்சங்களைக் கொட்டுவது நன்று என்று நான் வாதிடவில்லை. ஒரு துண்டு ஜிலேபி இந்த நோயைத் தந்தது என்ற தீர்ப்பைத்தான் மறுக்கிறேன்.

கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களுக்கு வேறொரு வாயிலும் உண்டு. சினைப்பருவம் முடிந்தபின், கருவுற்றாலும் கருவுறாவிட்டாலும், ஏறத்தாழ இரண்டு மாதம் புரோஜெஸ்ட்ரோன் உயர்ந்த அளவில் இருக்கும். நாயினத்தில் இந்தப் புரோஜெஸ்ட்ரோன் பால்சுரப்பித் திசுவிலிருந்து வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினை எதிர்க்கிறது. எதிர்ப்பை ஈடுகட்ட இயலாத கணையம் தோற்கிறது. சினைப்பருவத்தைத் தள்ளிப்போடப் போடப்படும் புரோஜெஸ்டின் ஊசிகளும், தோல் அரிப்புக்கென மாதக்கணக்கில் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் இதே போன்ற தீங்கைச் செய்ய வல்லவை. ராணிக்கு நோய் தோன்றிய காலத்தை மீண்டும் பாருங்கள். சினைப்பருவம் முடிந்த சில வாரங்கள். இத்தகைய நோயில் தொடக்கத்திலேயே கருப்பையும் சூலகமும் நீக்கப்பட்டு, இன்சுலினும் தரப்பட்டால், சில நாய்களில் நோய் விலகிவிடுவதுண்டு. தாமதித்தால் உயர்ந்த சர்க்கரையே எஞ்சிய பீட்டா உயிரணுக்களையும் நஞ்சூட்டி அழித்துவிடும். அதன்பின் அறுவை செய்தாலும் ஆயுள் முழுவதும் இன்சுலின் வேண்டும். “இனிப்புக் கொடுத்தீர்கள்” என்று தீர்ப்பளித்தவர்கள், “கடைசியாக எப்போது சினைக்கு வந்தது?” என்ற ஒரு வினாவைக் கேட்டிருந்தால் போதும். பழி சுமத்துதல் வினாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அறிவுலகத்தினர் என்று நம்மை அழைத்துக்கொள்ளும் நாம் வெட்கப்பட வேண்டிய இடம் இது.

மாத்திரைக்கு வருகிறேன். சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகள் பீட்டா உயிரணுக்களைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. உயிரணுவே இல்லாதபோது எதைத் தூண்டும்? மெட்ஃபார்மின், உடலில் இருக்கும் இன்சுலினுக்குத் துணைபுரிவது. துணை பெற வேண்டியதே இல்லாதபோது அது என் செய்யும்? ஆகவே நாய்க்கு நீரிழிவு என்றால் இன்சுலின் ஊசிதான். பாகற்காய், வெந்தயம், ஆவாரம்பூ ஆகியவற்றுக்கும் இதே விடைதான்.

இந்த இடத்தில் நம் ஆய்வகங்களைப் பற்றிச் சொல்லாமல் கடக்க இயலாது. நம் மருந்தியல் துறைகளில் எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோசோடோசினோ அலோக்சானோ செலுத்திப் பீட்டா உயிரணுக்களை அழித்து, நீரிழிவை உண்டாக்கி, ஏதேனும் ஒரு தாவரச் சாற்றைக் கொடுத்து, குருதிச் சர்க்கரை இறங்கியது என்று முடிக்கும் ஆய்வேடுகளை வாசிக்காதவர் நம்முள் அரிது. அந்த முடிவுகளே பின்னர்ப் புலனச் செய்திகளாக உருமாறிச் சாச்சாவின் கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. ஆய்வகத்துள் ஒரு விலங்குக்கு இந்நோயை உண்டாக்க நமக்குத் தெரியும். அதற்கு நெறிக்குழுவின் ஒப்புதல் பெறவும் தெரியும். விடுதி வாயிலில் அதே நோயால் வாடும் விலங்குக்கு என்ன செய்வது என்று கேட்டால் அதே துறையினர் சாறு கொடுக்கச் சொல்கின்றனர். இதை நான் தனிமனிதர் மீதான குற்றச்சாட்டாக வைக்கவில்லை. நம் கல்வி முறை நோயைத் தலைப்பாகக் கற்பிக்கிறது, நோயாளியாகக் கற்பிப்பதில்லை.

இனி, பேராசிரியரின் வினா. மனிதனுக்கே கிடைக்காத நாட்டில் நாய்க்கு இன்சுலினா?

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் யோசப் ஃபான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். நாய் ஓயாமல் சிறுநீர் கழித்தது; சிறுநீரில் சர்க்கரை இருந்தது. நீரிழிவின் இருப்பிடம் கணையம் என்று மனித குலம் அறிந்தது அந்த நாயின் உடலிலிருந்து. 1921இல் டொரன்டோவில் ஃபிரெடெரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்டும், மக்லாயுடின் ஆய்வகத்தில், கணையம் அகற்றப்பட்ட நாய்களுக்குக் கணையச் சாற்றைச் செலுத்திப் பார்த்தனர். பல நாய்கள் இறந்தன. மார்ஜரி என்று பெயரிடப்பட்ட நாய் கணையமே இன்றி ஏறத்தாழ 70 நாள் உயிர் வாழ்ந்தது. 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது, அது பயனளிக்கவில்லை. ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திய சாறு ஜனவரி 23 அன்று போடப்பட்டபோது சிறுவன் பிழைத்தான். 1923இல் பான்டிங்கும் மக்லாயுடும் நோபல் பரிசு பெற்றனர். பரிசுப் பணத்தை ஒருவர் பெஸ்டுடனும் மற்றவர் காலிப்புடனும் பகிர்ந்துகொண்டனர். நாய்களுடன் பகிர்ந்துகொள்ள எவருக்கும் தோன்றவில்லை, அது அக்காலம். நூறாண்டு கடந்தபின், இன்சுலினால் வாழும் ஒரு சமூகம், நாய்க்கு இன்சுலின் தருவது ஆடம்பரம் என்று சிரிக்கிறது என்றால், அதை எக்காலம் என்பது?

நன்றிக்கடன் என்ற சொல்லைச் சிலர் உணர்ச்சி மிகை என்று ஒதுக்கக்கூடும். சரி, வேதியியல் பேசுவோம். இன்சுலினின் அமினோ அமில வரிசையை ஃபிரெடெரிக் சாங்கர் கண்டறிந்து 1958இல் நோபல் பெற்றார். நாயின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் வரிசையில் ஒன்றே. மனித இன்சுலின் அவற்றிலிருந்து ஒரே ஓர் அமினோ அமிலத்தால் மட்டும் வேறுபடுகிறது. அதனால்தான் மனிதருக்கான என்.பி.எச். இன்சுலின் நாயிடமும் வேலை செய்கிறது.

இனிப் பொருளியல். ராணிக்குக் கால்நடை மருத்துவர் தொடங்கிய அளவு வேளைக்கு மூன்று யூனிட், நாளுக்கு இருவேளை. ஆறு யூனிட். நம் நாட்டில் பரவலாக விற்கும் பத்து மில்லிலிட்டர் புட்டியில், ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் வீதம், 400 யூனிட் உள்ளது. கணக்குப்படி இரண்டு மாதத்திற்கும் மேல் வரும். திறந்த புட்டியை ஏறத்தாழ ஒரு மாதத்திற்குப் பின் பயன்படுத்தலாகாது என்பதால் மாதம் ஒரு புட்டி. அதன் விலை சில நூறு ரூபாய்க்குள். எங்கள் ஆறு பேரின் தேநீர்ச் செலவில் ஒரு பகுதி. இந்தப் புட்டியால் எந்த ஏழை நோயாளியின் ஊசி பறிபோயிற்று என்று பேராசிரியர் காட்டட்டும். உலக இன்சுலின் சந்தையின் பெரும்பகுதி மூன்றே நிறுவனங்களின் கையில் இருப்பதும், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் குளிர்ப்பெட்டி இயங்காததும், கூலித் தொழிலாளி மருத்துவரைக் காண ஒருநாள் ஊதியத்தை இழப்பதும் மனிதருக்கு இன்சுலின் எட்டாமைக்குக் காரணங்கள். பான்டிங் குழுவினர் தம் காப்புரிமையை டொரன்டோ பல்கலைக்கழகத்திற்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு விற்றனர். அப்படிப்பட்ட மருந்து ஏழைக்கு அரிதானது எவ்வாறு என்பது பெரிய வினா. அந்த வினாவை அதிகாரத்திடம் கேட்க வேண்டியவர், காவலரின் நாயிடம் கேட்கிறார்.

மேலும் ஒன்று. இந்த ஏளனம் யாரைத் தாக்குகிறது என்று பாருங்கள். பங்களாவில் லாப்ரடார் வளர்ப்பவர் இந்தக் கேள்வியைச் செவிமடுக்கவே தேவையில்லை. அவருக்குத் தனியார் மருத்துவமனை உண்டு. ஒற்றை அறையில் வாழ்பவருக்கு நாயின் மீது அன்பு செலுத்தும் தகுதியே இல்லை என்பதுதான் இந்த நகைப்பின் உட்பொருள். ஏழைகளின் பெயரால் ஓர் ஏழையையே நகைத்தோம்.

இரண்டாம் விடையான “வயதாகிவிட்டது” என்பதற்கு வருகிறேன். நாய்களில் இந்நோய் பெரும்பாலும் நடுவயதிலும் முதுமையிலும்தான் வருகிறது. ஆகவே வயது என்பது இந்நோயில் விதிவிலக்கன்று, இயல்பு. சிகிச்சையின் முதல் சில மாதங்களைக் கடந்த நாய்கள் ஆண்டுக்கணக்கில் நலமாக வாழக்கூடும். நாளுக்கு இருமுறை ஊசி போட வீட்டில் எவரும் இல்லாத நிலையில், துன்பம் நீங்க அமைதியான முடிவைத் தேர்வோர் உண்டு. அவர்களை நான் குறை கூறேன். அது அறிந்து எடுக்கும் முடிவு. அறியாமல் விட்டுவிடுவது வேறு. அவ்வாறு விடப்பட்ட நாய் முதுமையால் இறப்பதில்லை. உடல் தன் கொழுப்பையே எரித்து, கீட்டோன்கள் பெருகி, வாந்தியெடுத்து, நீர் வற்றி இறக்கிறது.

இனிச் செய்ய வேண்டியவை. இது மருந்துச் சீட்டு அன்று. அளவைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் கீழ்க்கண்டவற்றைப் படித்த ஒவ்வொருவரும் அறிந்திருக்கலாம்.

மிகுந்த தாகம், மிகுந்த சிறுநீர், மிகுந்த பசி, ஆயினும் மெலிவு. இந்நான்கும் சேர்ந்தால் அன்றே குருதியும் சிறுநீரும் சோதிக்கப்பட வேண்டும். நாயின் குருதிச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 முதல் 220 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த இயலாமல் சிறுநீரில் விடுகிறது. தாகத்தின் காரணம் அதுவே. தண்ணீரைக் குறைத்து வைப்பது கொடுமை மட்டுமன்று, ஆபத்தும் ஆகும்.

இன்சுலின் பன்னிரண்டு மணிநேர இடைவெளியில் இருமுறை. ஒரே வகை உணவு, ஒரே அளவில், ஊசி வேளைகளை ஒட்டி. நாய் உண்ண மறுத்தால் வழக்கமான முழு அளவைப் போடாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஊசிக்குழலைப் பாருங்கள். சிவப்பு மூடி உடையது 40 யூனிட் மருந்துக்கு; ஆரஞ்சு மூடி உடையது 100 யூனிட் மருந்துக்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் மூன்று என்ற கோடுவரை எடுத்தால் உடலுள் செல்வது ஏழரை யூனிட். பத்துக் கிலோ நாய்க்கு அது உயிராபத்து.

தள்ளாட்டம், நடுக்கம், சோர்வு, வலிப்பு ஆகியவை சர்க்கரை மிகத் தாழ்ந்ததன் அறிகுறிகள். நினைவு இருந்தால் உடனே உணவு. இல்லையேல் சர்க்கரைப் பாகையோ தேனையோ ஈறில் தடவிக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும். மயங்கிய நாயின் வாயில் நீர்மம் ஊற்றலாகாது. நாட்கணக்கில் உயர்ந்த சர்க்கரை மெல்லத் தீங்கு செய்யும். சில மணிநேரத் தாழ்ந்த சர்க்கரை கொன்றுவிடும்.

“சர்க்கரை இல்லாதது” என்று அச்சிட்ட தின்பண்டத்தை நன்மை என்று எண்ணிக் கொடுக்காதீர்கள். அதில் சைலிட்டால் இருந்தால் நாயின் கணையம் இன்சுலினைக் கொட்டிவிடக்கூடும், கல்லீரலும் சிதையலாம்.

மனிதருக்கான குளுக்கோமீட்டர் நாயின் குருதியில் பெரும்பாலும் மெய்யளவினும் குறைத்தே காட்டும். குளுக்கோஸ் சிவப்பணுவிலும் பிளாஸ்மாவிலும் பங்கிடப்படும் விகிதம் இரு இனங்களிலும் வேறு. ஓர் எண்ணைக் கண்டு அன்றே அளவை மாற்றுவது பிழை. புதிய அளவுக்கு உடல் பழகச் சில நாட்கள் வேண்டும். எண்களை இழுத்துப் பிடிப்பது குறிக்கோள் அன்று. தாகம் தணிந்ததா, எடை நிலைத்ததா, சர்க்கரை தாழாமல் இருக்கிறதா என்பவையே அளவுகோல்.

கண்புரை நாயின் நீரிழிவில் மிகப் பொதுவானது. மிகுந்த குளுக்கோஸ் கண்வில்லைக்குள் சார்பிட்டாலாக மாறித் தேங்கி, நீரை ஈர்த்து, வில்லையை வெளுக்கச் செய்கிறது. நல்ல சிகிச்சையிலும் வரக்கூடும். சிகிச்சையின்றி விரைந்து வரும். பார்வை இழந்த நாய், அறையில் பொருள்களை இடம் மாற்றாமல் வைத்தால், மோப்பத்தாலும் நினைவாலும் நன்றாகவே நடமாடும்.

ராணி இப்போது அவ்வாறே நடமாடுகிறது. கருத்தடை அறுவை நடந்தது, ஆனால் காலம் கடந்திருந்தது, இன்சுலின் நிற்கவில்லை. காலை ஆறு மணிக்கு இரவுப் பணி முடித்து வந்து சாச்சா ஊசி போடுகிறார். மாலை ஆறு மணிக்குப் பணிக்குக் கிளம்புமுன் மீண்டும் போடுகிறார். அவர் பணிநேரம் பன்னிரண்டு மணிநேரமாக இருப்பது உழைப்புச் சுரண்டல். நாய்க்கு மட்டும் அது பொருந்திப்போயிற்று. அவர் ஊருக்குச் சென்ற நாட்களில் நாங்கள் முறைவைத்துப் போடுகிறோம். தேநீர்க் கடையில் என் கையிலிருந்த புட்டி அத்தகைய ஒரு நாளினுடையது.

நான் கொடுத்த விடை எது என்று சொல்வதாகக் கூறினேன். “இனிப்புக் கொடுக்காதீர்கள் சாச்சா” என்றவன் நான்தான். அறிவியல் வரலாற்றில் ஆய்வு செய்பவன். மார்ஜரியின் கதையைக் கருத்தரங்கில் வாசித்தவன். அந்த நாளில் நான் வினவியிருந்தால் ராணியின் நோய் ஒருவேளை விலகியிருக்கும். குறைந்தது பார்வையேனும் இன்னும் சிலகாலம் இருந்திருக்கும். இது எனக்கு ஆறுதலாகாது, மற்றவர்களுக்கு எச்சரிக்கையாகலாம்.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. கருத்தடை செய்யாத பெண் நாய் வளர்ப்போரிடம் இந்த ஆபத்தைச் சொல்லுங்கள். உயிரியல், மருந்தியல் துறைகள் ஆண்டில் ஒரு பிற்பகலையேனும் வளாகத்தின் காவலர், துப்புரவாளர், சமையலாளர் ஆகியோர் வளர்க்கும் விலங்குகளின் நோய்களைப் பற்றி அவர்கள் மொழியில் பேச ஒதுக்கட்டும். அருகிலுள்ள கால்நடை மருத்துவரை அழைக்கட்டும். விலங்குகளில் நீரிழிவை உண்டாக்கும் ஆய்வேட்டை எழுதுவோர், அந்நோய் இயல்பாக வரும் விலங்கை ஒருமுறையேனும் நேரில் கண்டபின் எழுதட்டும். அடுத்த முறை எவரேனும் “நாய்க்கு இன்சுலினா” என்று கேட்டால், சிரிப்பவர்களுடன் சேர்ந்து சிரியாமல், இன்சுலின் முதலில் யார் உடலில் சோதிக்கப்பட்டது என்று திருப்பிக் கேளுங்கள்.

மணி ஐந்தரை. இன்று என் முறை. மறுமொழிகளை இரவில் வாசிக்கிறேன்.